ஐஎச்எல் பேப்பர்ல பாஸ் ஆயாச்சு, அடுத்து என்ன? சட்ட மாணவர்கள் கையால வேலை பழகுறதுக்கு ஒரு முழு வழிகாட்டி

சர்வதேச மனிதாபிமான சட்டத்தை (போர்ல என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாதுன்னு சொல்ற சட்டம், இனிமே ஐஎச்எல்னே சொல்றேன்) ஒரு செமஸ்டர் படிச்சு நல்ல மார்க் வாங்கின ஒருத்தர்கிட்ட போய் "இந்தப் பாலத்து மேல இப்ப குண்டு போடலாமா கூடாதா"ன்னு கேட்டுப் பாருங்க. 1949-ல நாலு ஜெனீவா ஒப்பந்தம், 1977-ல ரெண்டு கூடுதல் நெறிமுறை, 196 நாடுகள் சேர்ந்திருக்குன்னு வரலாறு கடகடன்னு வரும், பாலத்துக்கு மட்டும் பதில் வராது. நானும் அப்படித்தான் இருந்தேன், அதனால இதை கிண்டலா சொல்லலை.

இன்னொரு குழப்பமும் உண்டு. போர் நடக்குற இடத்துக்குப் போனாத்தான் பிராக்டிகல் அனுபவம்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டு, அது கிடைக்காதுன்னு கைகட்டி உக்காந்துடறாங்க. இந்தத் துறையில இருக்குற வக்கீல்கள்ல நிறைய பேர், ராணுவத்துல இருந்தாலும் சரி கோர்ட்ல இருந்தாலும் சரி, பண்ற வேலை ஒண்ணுதான்: அரைகுறையா இருக்குற தகவலை வச்சுக்கிட்டு, முடிவெடுக்க வேண்டிய இன்னொருத்தருக்கு அவருக்குப் புரியுற மாதிரி சுருக்கமா எழுதிக் குடுக்கறது, இல்ல நேர்ல சொல்றது. இதைப் பழக மேஜை, லேப்டாப், ரெண்டு மூணு பொறுமையான ஆளுங்க போதும். எந்த வரிசையில பழகணும்னுதான் கீழ சொல்றேன்.

படி 1: கருவிகளை எடுத்து வச்சுக்கோங்க (ஒரு வாரம் போதும்)

எல்லாமே ஃப்ரீ. செஞ்சிலுவைச் சங்கத்தோட சர்வதேசக் குழு, அதாவது ஐசிஆர்சி, அவங்க ஆன்லைன் டேட்டாபேஸ்ல எல்லா ஒப்பந்தமும் இருக்கு, எந்த நாடு எதுல சேர்ந்துச்சு, என்ன நிபந்தனையோட சேர்ந்துச்சுங்கறதும் அங்கேயே இருக்கு. ஒவ்வொரு விதிக்கும் விளக்கவுரை உண்டு, 1950-கள்ல வந்த பழசை விட்டுட்டு புதுசைப் பாருங்க, முதல் ஒப்பந்தத்துக்கு 2016, ரெண்டாவதுக்கு 2017, மூணாவதுக்கு 2020, நாலாவதுக்கு 2025. வழக்காற்று சட்டத்துக்கு (ஒப்பந்தத்துல சேராத நாடுகளும் வழக்கத்தால கட்டுப்படுற விதிகள்) 2005-ல வந்த ஆய்வு, மொத்தம் 161 விதிகள். அப்புறம் ஐசிஆர்சி நடத்துற ஆன்லைன் கேஸ்புக், அதுல ஒவ்வொரு சம்பவத்துக்கும் கீழ கேள்வியும் குடுத்திருப்பாங்க, தனியா உக்காந்து பழகுறதுக்கு அதைவிட நல்லது நான் பாக்கலை.

இதை எல்லாம் மனப்பாடம் பண்ண வேண்டாம். எந்தக் கேள்விக்கு எங்க போகணும்னு தெரிஞ்சா போதும். ஆனா ஒரு பழக்கத்தை மட்டும் முதல் நாளே ஏத்திக்கோங்க. எந்தச் சம்பவம் வந்தாலும் முதல் கேள்வி "இது எந்த மாதிரி மோதல்?" ரெண்டு நாடுகளுக்கு நடுவுலயா, இல்ல ஒரு அரசுக்கும் ஆயுதக் குழுவுக்கும் நடுவுலயா, இல்ல இது ஆயுத மோதலே இல்லாம வெறும் கலவரமா? யூகோஸ்லாவியா போர்க்குற்றங்களை விசாரிக்க ஐநா அமைச்ச தீர்ப்பாயம் 1995 அக்டோபர்ல டாடிச் வழக்குல குடுத்த தீர்ப்புதான் இதுக்கு இன்னைக்கும் எல்லாரும் திரும்பிப் போற இடம். இதுல தப்புப் பண்ணினா அதுக்கப்புறம் நீங்க எழுதுற பத்து பக்கமும் வீண்.

இன்னொண்ணு, போரை யார் ஆரம்பிச்சாங்க, யார் பக்கம் நியாயம்ங்கறதை இந்தப் பாடத்துக்குள்ள கொண்டு வராதீங்க. அது வேற சட்டம். நியாயமான காரணத்துக்காக சண்டை போடுறவனும் ஆஸ்பத்திரியை அடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

படி 2: ஒரு நிஜ சம்பவத்தை எடுத்து மெமோ (சட்டக் குறிப்பு) எழுதுங்க

எல்லாரும் தாண்டிப் போற படி இதுதான், எனக்குக் கேட்டா இதுதான் எல்லாத்துக்கும் அஸ்திவாரம். யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டாம், ஃபீஸ் இல்ல, செலக்‌ஷன் இல்ல.

உதாரணத்துக்கு ஆப்கானிஸ்தான்ல குண்டூஸ். 2015 அக்டோபர் 3 அதிகாலையில எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நடத்தின ஆஸ்பத்திரி மேல அமெரிக்க ஏசி-130 விமானம் சுட்டுச்சு, 42 பேர் செத்தாங்க. ஆஸ்பத்திரியோட ஜிபிஎஸ் விவரத்தை அந்த அமைப்பு முன்னாடியே எல்லாத் தரப்புக்கும் குடுத்திருந்துச்சு. அமெரிக்க ராணுவம் 2016 ஏப்ரல்ல வெளியிட்ட விசாரணை அறிக்கை என்ன சொல்லுதுன்னா, விமானத்தோட உண்மையான இலக்கு சுமார் 400 மீட்டர் தள்ளி இருந்த வேற ஒரு கட்டிடம், விமானத்துல தகவல் தொடர்பு கருவி சரியா வேலை செய்யலை, அடிக்கக் கூடாத இடங்களோட பட்டியல் விமானிகள் கையில இல்ல, கண்ணால பாத்து வர்ணனைக்குப் பொருந்தின கட்டிடத்தை இலக்குன்னு முடிவு பண்ணிட்டாங்க. 16 பேர் மேல துறை ரீதியா நடவடிக்கை எடுத்தாங்க, வேணும்னே பண்ணலைங்கறதால போர்க்குற்றம் இல்லன்னு சொன்னாங்க. அந்த மருத்துவர்கள் அமைப்பு அந்த முடிவை ஏத்துக்கலை, சுயேச்சையான விசாரணை வேணும்னு கேட்டாங்க.

இப்ப பேப்பரை எடுங்க. மேல ஒரே ஒரு கேள்வி எழுதுங்க, அதுக்குக் கீழ ரெண்டு வரி பதில். அதுக்குக் கீழ ரெண்டு பத்தி போடுங்க, இடது பக்கம் "தெரிஞ்சது", வலது பக்கம் "தெரியாதது". வலது பக்கம் இடதை விட நீளமா வந்தாத்தான் நீங்க ஒழுங்கா யோசிக்கிறீங்கன்னு அர்த்தம். அடுத்தது மோதல் வகை: 2015-ல ஆப்கான் அரசும் அதுக்கு உதவி பண்ற வெளிநாட்டுப் படையும் ஒரு பக்கம், தாலிபான் இன்னொரு பக்கம், அதனால உள்நாட்டு வகை. அப்படின்னா எந்த விதி? நாலு ஒப்பந்தத்துலயும் பொதுவா இருக்குற 3-வது விதி இருக்கு, ஆனா அமெரிக்கா 1977 நெறிமுறைகள்ல சேரவே இல்ல, முதல் நெறிமுறை நாடுகளுக்கு நடுவுல நடக்குற போருக்குத்தான், அதனால "முதல் நெறிமுறை 57-வது விதிப்படி"ன்னு ஆரம்பிச்சீங்கன்னா மாட்டிக்கிட்டீங்க. வழக்காற்று விதிகளுக்குப் போகணும். 28-வது விதி மருத்துவ இடங்களைப் பாதுகாக்குது, 15, 16-வது விதிகள் முன்னெச்சரிக்கை பத்தினது, இலக்கு என்னன்னு சரிபாக்க முடிஞ்சதை எல்லாம் பண்ணியாகணும்னு 16 சொல்லுது.

பெரும்பாலான மாணவர்கள் வழுக்குற இடம் இதுக்கப்புறம்தான் வருது. ஐஎச்எல் மீறல் நடந்துச்சாங்கறது ஒரு கேள்வி, தனி ஆள் போர்க்குற்றம் பண்ணினாராங்கறது வேற கேள்வி. சரிபாக்காம அடிச்சது மீறலா இருக்கலாம், நாடு பொறுப்பேத்துக்க வேண்டியிருக்கலாம், ஆனா போர்க்குற்றம்னு சொல்ல மனநிலை பாக்கணும். "வேணும்னே"ங்கறதுக்குள்ள பொறுப்பில்லாத துணிச்சலும் வருமா? யூகோஸ்லாவியா தீர்ப்பாயம் 2003-ல காலிச் வழக்குல வரும்னு சொல்லுச்சு, ஆனா எல்லாரும் அதை ஏத்துக்கலை. இந்த ரெண்டு கேள்வியையும் தனித்தனி தலைப்புல எழுதுங்க, ஒண்ணா குழப்பினா படிக்கிறவருக்கு ஒண்ணும் விளங்காது.

முடிஞ்சதும் ஒரு தடவை கமாண்டர் நாற்காலியில உக்காந்து படிங்க. அந்த நேரத்துல, அந்த ஆள்கிட்ட என்ன தகவல் இருந்துச்சு, என்ன தகவல் கேட்டு வாங்கியிருக்க முடியும்? 1948-ல நியூரம்பர்க்ல ரெண்டுலிக்னு ஒரு ஜெர்மன் ஜெனரல் கேஸ், பின்வாங்கும்போது நார்வே வடக்குப் பகுதியையே எரிச்சுட்டாரு, சோவியத் படை துரத்திக்கிட்டு வருதுன்னு நம்பிப் பண்ணினாரு, பாத்தா அவங்க வரவே இல்ல. அந்த ஒரு குற்றச்சாட்டுல மட்டும் கோர்ட் அவரை விட்டுடுச்சு, அன்னைக்கு அவருக்குத் தெரிஞ்சதை வச்சுத்தான் பாக்கணும்னு (மத்த குற்றங்கள்ல தண்டனை உண்டு). முடிவைப் பாத்துட்டு பின்னாடி போய் தீர்ப்பு சொல்ற பழக்கம் நம்ம எல்லாருக்கும் இருக்கு, அதை உடைக்கத்தான் இந்தப் பயிற்சி.

இந்த மாதிரி மூணு மெமோ, ஒவ்வொண்ணும் ரெண்டு பக்கம். நாலு பக்கம் வந்தா வெட்டுங்க.

படி 3: மூட் கோர்ட், அதைவிட முக்கியமா ரோல்-ப்ளே

மூட் (கற்பனை வழக்குல மாணவர்கள் வாதாடுற போட்டி) பத்தி உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். ஐஎச்எல்-லுக்குன்னே ஹாங்காங்ல நடக்குற ஆசிய-பசிபிக் செஞ்சிலுவை மூட் இருக்கு, தெற்காசியாவுல ஹென்றி டியூனான்ட் பேர்ல நடக்குற மூட் இருக்கு, சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை வச்சு நடக்குற மூட் இருக்கு. மெமோரியல், அதாவது எழுத்து வாதம், எழுதப் பழகுவீங்க, நின்னு பேசப் பழகுவீங்க, நல்லதுதான்.

ஆனா ஜான் பிக்டே போட்டி வேற ரகம். 1989-லிருந்து நடக்குது, டீமுக்கு மூணு பேர், ஒரு வாரம், கற்பனையா ஒரு போர். கோர்ட் கிடையாது. காலையில நீங்க ராணுவத்தோட சட்ட ஆலோசகர், மதியம் ஐசிஆர்சி பிரதிநிதி, அடுத்த நாள் ஒரு ஆயுதக் குழுவோட சார்பா பேசுறீங்க, நடுவர்களே எதிராளியா நடிப்பாங்க, கதை நாளுக்கு நாள் மாறிக்கிட்டே போகும். அங்க செலக்ட் ஆகாட்டியும் பரவால்ல, இந்த முறையை உங்க கல்லூரியில ஆறு பேர் சேர்ந்து சனிக்கிழமை சனிக்கிழமை நடத்தலாம். கதைய ஒருத்தர் எழுதணும், இன்னொருத்தர் முரட்டுத்தனமா நடிக்கணும், அதான் தேவை.

என்னோட முதல் ரோல்-ப்ளே இன்னும் ஞாபகம் இருக்கு. நான் ஐசிஆர்சி பிரதிநிதி, எதிர்ல தடுப்பு முகாம் கமாண்டரா ஒரு சீனியர். உள்நாட்டு மோதல்னு ஷீட்ல தெளிவா போட்டிருந்துச்சு. நான் உக்காந்த ஒரு நிமிஷத்துக்குள்ள "மூணாவது ஜெனீவா ஒப்பந்தம் 126-வது விதிப்படி எங்களை நீங்க உள்ள விட்டே ஆகணும்"னு ஆரம்பிச்சேன். அவர் ஃபைலை மூடிட்டு, "அந்த விதி ரெண்டு நாட்டுக்கு நடுவுல நடக்குற போருக்கு. எனக்கு அது பொருந்தாது. போயிட்டு வாங்க"ன்னு எழுந்துட்டார். அவ்வளவுதான், விளையாட்டு முடிஞ்சு போச்சு, டீ கூட வரலை.

அவர் சொன்னது சரி. உள்நாட்டு மோதல்ல 3-வது பொது விதி ஐசிஆர்சி மாதிரி ஒரு பாரபட்சமில்லாத அமைப்பு தன் சேவையை "முன்வந்து குடுக்கலாம்"னு மட்டும்தான் சொல்லுது, கதவை உடைச்சுப் போற உரிமையைக் குடுக்கலை. அதனால உரிமையைப் பேசாம, சம்மதத்தை வாங்கணும். ரெண்டாவது தடவை நான் தண்ணியில ஆரம்பிச்சேன். எத்தனை பேர் இருக்காங்க, தண்ணி எப்படி வருது, போன மாசம் யாருக்காவது காய்ச்சல் வந்துச்சா, டாக்டர் வேணுமா. அவரும் பேச ஆரம்பிச்சார், இருபது நிமிஷம் கழிச்சுத்தான் ஐசிஆர்சி-யோட வழக்கமான நிபந்தனைகளுக்கு வந்தேன்: எல்லாக் கைதிகளையும் பாக்கணும், எல்லா இடத்தையும் பாக்கணும், காவலாளி இல்லாம தனியா பேசணும், பேரைக் குறிச்சுக்கணும், திரும்பத் திரும்ப வரணும். தனியா பேசறதுக்கு அவர் ஒத்துக்கலை. அங்க விட்டுக் குடுக்கலாமா, இல்ல விசிட்டே வேணாம்னு எழுந்து வரலாமா? என் டீம்ல இதுக்கு மூணு பேருக்கு மூணு பதில், ராத்திரி வரைக்கும் சண்டை. இதை எந்தப் பரீட்சையும் உங்களுக்கு சொல்லித் தராது.

படி 4: கிளினிக்

சில பல்கலைக்கழகங்கள்ல ஐஎச்எல்-லுக்குன்னே சட்ட கிளினிக் இருக்கு, நெதர்லாந்துல லைடன், அமெரிக்காவுல எமரி ரெண்டும் தெரிஞ்ச பேர்கள். ஹார்வர்டோட மனித உரிமை கிளினிக் மாணவர்கள் ஆயுதக் கட்டுப்பாடு பத்தியும், மனுஷன் கை இல்லாம தானா சுடுற ஆயுதங்கள் பத்தியும் நிறைய அறிக்கைக்கு வேலை பாத்திருக்காங்க. நிஜ அமைப்பு ஒண்ணு கேள்வி அனுப்பும், மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில பதில் தயார் பண்ணுவாங்க.

உங்க இடத்துல இல்லையா? ஒரு பேராசிரியரைப் பிடிங்க. "ஐஎச்எல் கிளினிக் ஆரம்பிக்கலாம் சார்"னு பொதுவா போய் கேட்டா சரி பாக்கலாம்னு சொல்லி அனுப்பிடுவாங்க. அதுக்குப் பதிலா நீங்க எழுதின மூணு மெமோவைக் கையில எடுத்துட்டுப் போய், "நாலு பேர் இருக்கோம், வாரம் ஆறு மணி நேரம் குடுப்போம், நம்ம நாட்டு செஞ்சிலுவைச் சங்கத்துக்கோ ஒரு தொண்டு நிறுவனத்துக்கோ ஒரே ஒரு ரிசர்ச் கேள்விக்கு பதில் பண்ணித் தரோம், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க"ன்னு கேளுங்க. சின்னதா கேட்டா கிடைக்கும். கேக்கறதுக்கு நல்ல தலைப்பு: உங்க நாட்டுச் சட்டத்துல ஜெனீவா ஒப்பந்தங்கள் எந்த அளவுக்கு ஏறியிருக்கு, போர்க்குற்றத்தை உள்ளூர் கோர்ட் விசாரிக்க முடியுமா, செஞ்சிலுவைச் சின்னத்தைத் தப்பா பயன்படுத்தினா என்ன தண்டனை. இதுக்கு வெளிநாடு போக வேண்டாம், நூலகமே போதும்.

கிளினிக்ல நான் குடுத்த முதல் மெமோ 14 பக்கம். சூப்பர்வைசர் ஒரு எழுத்துப் பிழை கூட வட்டம் போடலை, கடைசிப் பக்கத்துல பென்சில்ல ஒரே ஒரு வரி: "இதைப் படிச்சிட்டு கிளையன்ட் திங்கக்கிழமை காலையில என்ன பண்ணுவார்?" எனக்கு பதில் தெரியலை.

படி 5: வீடியோவும் போட்டோவும் ஆதாரமா ஆகறது எப்படி

இப்ப மாணவர்களுக்கு உண்மையான வேலை அதிகமா கிடைக்கிற இடம் இது. லிபியாவுல அல்-வெர்ஃபல்லிங்கற படைத் தளபதி மேல சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் 2017 ஆகஸ்ட்ல போட்ட கைது வாரண்ட், சோஷியல் மீடியாவுல வந்த வீடியோக்களை பெரிய அளவுல நம்பிப் போட்டது. அதுக்கு முந்தின வருஷமே, 2016-ல, ஆம்னஸ்டிங்கற மனித உரிமை அமைப்பு சில பல்கலைக்கழகங்களோட சேர்ந்து மாணவர்களை வச்சு வீடியோ சரிபாக்குற குழுக்களை ஆரம்பிச்சிருந்துச்சு. 2020-ல ஐநா மனித உரிமை அலுவலகமும் பெர்க்லி பல்கலைக்கழக மையமும் சேர்ந்து பெர்க்லி புரோட்டோகால்னு ஒரு வழிமுறையை வெளியிட்டாங்க, அதை முழுசா படிச்சிடுங்க.

வேலை எப்படின்னா, 40 செகண்ட் வீடியோ ஒண்ணு வருது, இன்ன ஊர் சந்தை மேல நேத்து குண்டு விழுந்துச்சுன்னு தலைப்பு. முதல்ல அதை அப்படியே சேமிங்க, லிங்க், எடுத்த நேரம், அக்கவுன்ட் பேர் எல்லாம் குறிச்சு, ஃபைலுக்கு ஹாஷ் (ஃபைல் துளி மாறினாலும் மாறிடுற ஒரு அடையாளக் குறியீடு) எடுத்து வச்சுக்கோங்க, பின்னாடி யாராவது மாத்திட்டீங்கன்னு சொன்னா காட்டறதுக்கு. அடுத்து ஃபிரேம் ஃபிரேமா எடுத்து ரிவர்ஸ் இமேஜ் தேடல்ல போடுங்க, மூணு வருஷத்துக்கு முன்னாடி வேற நாட்டுல வந்த வீடியோவா இருந்தா இங்கயே கதை முடிஞ்சிடும், பாதிக் கேஸ் இப்படித்தான் போகும். தாண்டிட்டா, பின்னாடி தெரியுற மசூதி கோபுரம், தண்ணித் தொட்டி, மலை விளிம்போட வளைவு, ரோடு பிரியுற கோணம் இதை எல்லாம் சேட்டிலைட் படத்தோட ஒப்பிட்டு இடத்தைப் பிடிங்க. நிழலோட நீளமும் திசையும் நேரத்தைச் சொல்லும்.

இதுல மத்தவங்களைவிட சட்ட மாணவருக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. வீடியோ சந்தையைக் காட்டுது, சரி. அந்தச் சந்தைக்குப் பக்கத்துல ராணுவ இலக்கு எதாவது இருந்துச்சா? எந்த ஆயுதம்? எச்சரிக்கை குடுத்தாங்களா? அடிச்சவருக்கு என்ன தெரிஞ்சிருந்துச்சு? வீடியோ விளைவைக் காட்டும், நோக்கத்தைக் காட்டாது. உங்க குறிப்புல "இது போர்க்குற்றம்"னு எழுதாதீங்க, "இது இதை நிரூபிக்குது, இதை நிரூபிக்கலை"ன்னு எழுதுங்க.

ஒரு விஷயத்தை அழுத்தமா சொல்லணும். இந்த வீடியோக்கள் மனசைக் கெடுக்கும். சவுண்டை ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க, சத்தம்தான் ரொம்ப நாள் கூட வரும். சின்ன ஜன்னல்ல பாருங்க, ஃபுல் ஸ்கிரீன் வேண்டாம். படுக்கப் போறதுக்கு முன்னாடி வேண்டவே வேண்டாம். ரத்தக்களறியா இருந்தா அடுத்தவருக்கு அனுப்பும்போது முன்னாடியே எழுதிச் சொல்லுங்க. "எனக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு சொன்ன ஒரு ஃப்ரெண்டு ரெண்டு மாசம் தூங்கலை, நாங்க யாரும் கவனிக்கலை, அது எங்க தப்பு. அப்புறம், சம்பந்தப்பட்டவங்களுக்கு நீங்களா மெசேஜ் போட்டு "என்ன நடந்துச்சு"ன்னு விசாரிக்காதீங்க. அதனால அவங்க உயிருக்கே ஆபத்து வரலாம், பின்னாடி கோர்ட்ல அவங்க சாட்சியமும் கெட்டுப் போகலாம்.

படி 6: இன்டர்ன்ஷிப்

இதைக் கடைசியில வச்சதுக்குக் காரணம் இருக்கு, மேல சொன்னது இல்லாம அப்ளை பண்ணினா உங்க கடிதமும் மத்த எல்லார் கடிதமும் ஒரே மாதிரி இருக்கும். ஹேக்ல சர்வதேச குற்றவியல் நீதிமன்றம், யூகோஸ்லாவியா ருவாண்டா தீர்ப்பாயங்களோட மிச்ச வேலையைப் பாக்குற அமைப்பு (ஹேக்லயும் அருஷாவுலயும் அலுவலகம்), ஐசிஆர்சி, ஆயுதக் குழுக்கள்கிட்டயே போய் பேசி உறுதிமொழி வாங்குற ஜெனீவா கால், இது எல்லாம் எல்லாரும் அப்ளை பண்ற இடம். கூட்டம் கம்மியா இருக்குற இடம் உங்க நாட்டு செஞ்சிலுவை அல்லது செம்பிறைச் சங்கத்தோட சட்டப் பிரிவு, நாட்டோட ஐஎச்எல் தேசியக் குழு (100-க்கும் மேல நாடுகள்ல இருக்கு), அப்புறம் ராணுவ சட்டப் பிரிவு. முதல் நெறிமுறை 82-வது விதி படைகளுக்கு சட்ட ஆலோசகர் இருக்கணும்னு சொல்லுது, அந்த மேஜையிலதான் சட்டம் குண்டு விழறதுக்கு முன்னாடி வேலை செய்யுது.

பணம் பத்தி மறைக்காம சொல்லிடறேன், பல சர்வதேச இன்டர்ன்ஷிப்ல சம்பளம் கிடையாது, தங்குற செலவும் நீங்கதான். கையில காசு இருக்கறவங்களுக்கு மட்டும் கதவு திறக்குற இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்காது. ஸ்காலர்ஷிப் கிடைக்கலைன்னா வீட்டுல இருந்தே பண்ற ரிசர்ச் வேலையைத் தேடுங்க, கடன் வாங்கி ஹேக் போகாதீங்க.

நடுவுல மாட்டிக்கிற ரெண்டு இடம்

ஒண்ணு, சின்னம். நாங்க ஐஎச்எல் கிளப் ஆரம்பிச்சப்ப போஸ்டர் நடுவுல பெருசா செஞ்சிலுவையைப் போட்டோம், ரெண்டே நாள்ல சங்கத்துல இருந்து ரொம்ப மரியாதையா ஒரு மெயில். அந்தச் சின்னம் அலங்காரத்துக்கு இல்ல, முதல் ஒப்பந்தத்தோட 44-வது, 53-வது விதிப்படி யாரும் இஷ்டத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஐஎச்எல் கிளப் நடத்துறவங்களே ஐஎச்எல்-ஐ மீறினதை இன்னைக்கும் சொல்லிச் சிரிப்பாங்க.

ரெண்டாவது, ரகசியம். ஐசிஆர்சி பாத்ததை வெளிய சொல்லாததாலதான் சிறைக்குள்ள விடறாங்க, அவங்க ஆளுங்களை சாட்சி சொல்லக் கூப்பிட முடியாதுன்னு 1999-லயே யூகோஸ்லாவியா தீர்ப்பாயம் சிமிச் வழக்குல சொல்லிடுச்சு. நீங்க மாணவர்தானே, சும்மா ஸ்டேட்டஸ்ல "இன்னைக்கு இந்த நாட்டு கேஸ்ல வேலை"ன்னு போட்டா கூட வேலை போயிடும்.

இதே காரணத்தால கிளினிக்ல கிளையன்டுக்கு எழுதினதையும் வேலைக்கு அப்ளை பண்ணும்போது சாம்பிளா அனுப்ப முடியாது, பேரை அழிச்சாலும் எழுத்துல அனுமதி வேணும், பெரும்பாலும் குடுக்க மாட்டாங்க. எழுத்து மாதிரி கேட்டா அப்ப என்ன அனுப்பறது? ரெண்டாவது படியில நீங்களா உக்காந்து எழுதின குண்டூஸ் மெமோ இருக்குல்ல, அது யாரோட ரகசியமும் கிடையாது. அதைத் தூசி தட்டி, திங்கக்கிழமை காலை கேள்விக்கு பதில் இருக்கான்னு ஒரு தடவை பாத்துட்டு, ரெண்டு பக்கத்துக்குள்ள வச்சு அனுப்புங்க.